உதாரணத்துக்கு ஓர் ஆள்

வெள்ளைப் பலகையில் எழுதிய வாக்கியத்தை வகுப்பு வாய்விட்டுப் படிப்பதற்குள் உள்ளங்கையால் துடைத்துவிடுவார் மிஸ். டஸ்டர் ஆணியில் சும்மா தொங்குகிறது. வலது கை எப்போதும் நீல மை. அந்தக் கையோடுதான் டீ குடிப்பார்.

தையல் கடைக்கு மேலே ஒற்றை அறை. வேலை முடிந்து வருகிறவர்களுக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறார். வினைச்சொல்லோடு ஒரு குட்டிச் சொல் ஒட்டிக்கொண்டால் அர்த்தமே புரண்டுவிடுமே, அதில் அவர் புலி. “தனித்தனியா பாத்தா ரெண்டும் பரம சாது. சேந்தாதான் வம்பு, சம்பந்திங்க மாதிரி” என்பார்.

முன்பெல்லாம் உதாரணத்துக்குத் தெரிந்தவர்களைத்தான் இழுப்பார். ‘பிரேக் டவுன்’ அன்று தையல்காரரின் வண்டியைச் சொன்னார். அது நடுரோட்டில் படுத்தது. ‘ஃபால் டவுன்’ அன்று வாட்ச்மேன் படியில் உருண்டார். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று சிரித்தார்.

‘பாஸ் அவுட்’ என்றால் மயங்கி விழுவது. வாய்க்கு வந்தபடி தன் வீட்டுக்காரரை எழுதினார். வகுப்பு சிரித்துக்கொண்டே படித்தது. வீட்டுக்குப் போனால் மனிதர் குளியலறை வாசலில் கிடந்தார். மறுநாள் ஓடிவந்து பலகையைத் தேய்தேய் என்று தேய்த்தும் பயனில்லை. இன்னும் ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடக்கிறார். அவருக்காக ஒரே ஒரு வாக்கியத்தை மட்டும் மிஸ் அழிப்பதில்லை: ‘ஹீ வோக் அப்’, அவர் கண் விழித்தார். தினமும் படிக்க வைக்கிறார். நல்லது மட்டும் பலிக்க மாட்டேன் என்கிறது. பாவம், நம்பவும் பயம், நம்பாமல் இருக்கவும் பயம்.

புதிதாகச் சேர்ந்த மருந்துக்கடைப் பெண் நேற்று கேட்டாள்: “மிஸ், பாஸ் அவேன்னா?”

“செத்துப்போறதை மரியாதையா சொல்றது. உதாரணம் வேணாம்.” மிஸ் தண்ணீர் குடிக்கத் திரும்பினார்.

“நான் எழுதறேன் மிஸ்.” அந்த ‘அவர்’ யாரென்று அவளுக்கு எப்படித் தெரியும்? பலகையில் இருந்த வாக்கியத்தில் வினையை மட்டும் மாற்றினாள்: ‘ஹீ பாஸ்ட் அவே’. வகுப்பு பழக்கதோஷத்தில் படித்தும்விட்டது. கீழே தையல் மெஷின் சட்டென்று நின்றது.

மிஸ் பலகையைத் துடைக்கக் கையை ஓங்கினார். படித்ததை அழித்துப் பயனில்லை. ஆளை வேண்டுமானால் மாற்றிப் பார்க்கலாம். முதல் சொல்லை மட்டும் துடைத்தார். ஆங்கிலத்தில் ‘நான்’ என்று எழுத ஒற்றைக் கோடு போதும். அதை நெட்டுக்குத்தாகப் போட்டார்.

“இப்ப படிங்க. சத்தமா.”

நீலக் கையை மறு கையால் முதுகுக்குப் பின்னே இறுகப் பிடித்துக்கொண்டார்.