கடைக்குட்டியின் காதுக்குறும்பி ஆராய்ச்சி

கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவளுக்கு ஆட்கள் முழுசாகக் கண்ணில் படுவதில்லை. மூக்கும் காதும்தான் படும். கடைக்குட்டிக்கும் அப்படித்தான். வீட்டில் கடைசியாகப் பிறந்ததால் வந்த பெயர் அது. நாற்பதை எட்டப்போகிறவளை அப்பா, அம்மா, அண்ணன், அக்கா எல்லாரும் இன்னமும் அப்படியேதான் கூப்பிடுகிறார்கள். போனில் கேட்டுக் கேட்டுக் கடை முதலாளிக்கும் அது தொற்றிக்கொண்டது.

ஒரு நாள் ஓர் அப்பாவும் மகனும் கடைக்கு வந்தார்கள். அப்பாவுக்கு இடது காது ஒரு நூல் மேலே இருந்ததால் ஃப்ரேம் சாய்ந்தது. கம்பியை வளைத்துக் கொடுத்தாள். மகனுக்கும் அதே சாய்வு, அதே வளைப்பு. போதாக்குறைக்கு இருவரும் ஒரே மாதிரி மூக்கைச் சுருக்கிக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்கள். அவளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அந்த வருடமே மாலைநேரக் கல்லூரியில் மரபியல் படிக்கச் சேர்ந்துவிட்டாள். ஆசை அறுபது நாள், மோகம் முப்பது நாள் என்று குழாய் ரிப்பேர் பார்க்கும் அண்ணன் ஆரூடம் சொன்னான். இப்போது மூன்றாம் வருடம் ஓடுகிறது. மோகம் கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை. பஸ்ஸில் எதிர் சீட்டுக் குடும்பத்தைப் பார்த்து, இந்த மோவாய்க் குழி அம்மா கொடுத்ததா அப்பா கொடுத்ததா என்று மனசுக்குள் பஞ்சாயத்து நடத்தி, இறங்க வேண்டிய இடத்தைக் கோட்டை விடுகிறாள்.

இதெல்லாம் வெளியே சொல்லிக்கொள்கிற காரணம். உள்ளே இன்னொன்று இருந்தது. சின்ன வயதில் அண்ணன் அவளிடம், "உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்" என்று சொல்லியிருந்தான். எந்த வீட்டில்தான் கடைசிப் பிள்ளையிடம் இதைச் சொல்லவில்லை? மற்ற பிள்ளைகள் ஒரு பாட்டம் அழுதுவிட்டு மறந்துபோகும். இவளை மறக்கவிடாமல் செய்தது குடும்பப் புகைப்படம். நான்கு பேர் சுருட்டை முடியும் அகன்ற மூக்குமாக நிற்க, இவள் மட்டும் கோரை முடியும் கூர்மூக்குமாக, படம் பிடிக்கிற நேரத்தில் பக்கத்து வீட்டிலிருந்து எட்டிப் பார்த்தவள் மாதிரி நின்றாள். சிரித்துக்கொண்டேதான் வளர்ந்தாள். ஆனால் நான் இந்த வீட்டுப் பெண்தானா என்ற கேள்வி போகவே இல்லை. யாரிடமும் கேட்கவும் இல்லை. கேட்டு, பதில் வேறு மாதிரி வந்துவிட்டால்?

இந்த நிலையில்தான் பேராசிரியை ஒரு பயிற்சி கொடுத்தார். ஏதாவது ஒரு பண்பு சொந்தக் குடும்பத்தில் எப்படி இறங்கி வருகிறது என்று வம்சப்படம் வரைந்து வர வேண்டும். மற்றவர்கள் கன்னக்குழி, காதுமடல் என்று கௌரவமான சமாசாரங்களைப் பிடித்துக்கொண்டார்கள். கடைக்குட்டி காதுக்குறும்பியை எடுத்தாள். வகுப்பே சிரித்தது. சிரிக்கட்டும், குறும்பிக் கணக்கு சுத்தமான கணக்கு. அதில் இரண்டு ரகம்தான். ஒன்று பிசுபிசுக்கும், இன்னொன்று உலர்ந்து செதில் செதிலாக உதிரும். பிசுபிசுப்புக்கு அப்பா அம்மா இருவரில் ஒருவருடைய பங்கு கிடைத்தாலே போதும். உலர்ந்த ரகம் அப்படியில்லை. அப்பாவிடமிருந்து ஒன்றும் அம்மாவிடமிருந்து ஒன்றும் வந்து சேர்ந்தால்தான் தலைகாட்டும். கடைக்குட்டிக்கு உலர்ந்த ரகம்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், காலேஜுக்காக எல்லார் காதையும் பார்க்க வேண்டும் என்று அம்மாவுக்கு முன்கூட்டியே போன் போட்டுச் சொல்லிவிட்டுப் போனாள். அண்ணன் காதை நீட்டிக்கொண்டே, பட்டத்தில் தனக்கும் பங்கு உண்டா என்று பேரம் பேசினான். அக்காவுக்குக் கூச்சம் தாங்காமல் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. பஞ்சுக் குச்சிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. நான்கும் பிசுபிசுவென்று மினுங்கின. கடைக்குட்டியும் எல்லாரோடும் சேர்ந்து சிரித்தாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் சிரிப்பு வரவில்லை. பெற்றவர்கள் இருவரிடமும் உலர்ந்த ரகம் ஒளிந்திருக்கலாம், அதனால் இதை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்று படித்த புத்தி பாடம் நடத்தியது. பயம் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

மறுநாள் பேராசிரியை குச்சிகளை லென்ஸில் பார்த்தார். பிறகு வகுப்பே வாயைப் பிளக்கும்படி அவற்றை மூக்கருகே கொண்டுபோனார்.

"குறும்பி எல்லாருக்கும் பிசுபிசுன்னு இருக்கலாம்மா. எல்லாருக்கும் ஒரே எண்ணெய் வாசனை வராது."

கடைக்குட்டி வராந்தாவுக்கு ஓடிப்போய் அம்மாவுக்குப் போன் போட்டாள். அம்மா மறைக்கவே இல்லை, பெருமையாகவே சொன்னாள். சனிக்கிழமையே எல்லாரையும் ஒருக்களித்துப் படுக்க வைத்து, எண்ணெயை இளஞ்சூடாக்கிக் காதில் விட்டு, துடைத்து வைத்திருக்கிறாள்.

"காலேஜ்ல நாலு பேர் பாக்கப்போற காது. அழுக்கோட அனுப்பி மானத்தை வாங்கச் சொல்றியா?"

கடைக்குட்டி சிரித்த சிரிப்பில் வாட்ச்மேன் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடி வந்தார்.

எண்ணெய் முழுக்கப் போகட்டும் என்று பொறுத்திருந்து, அடுத்த முறை சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றாள். கிளம்பும் முன்பே பேராசிரியை எச்சரித்திருந்தார்: உலர்ந்த குறும்பி எத்தனையோ பேருக்கு உண்டு, வீட்டில் ஒருவருக்கு ஒத்துப்போனாலும் அது உறவுக்குச் சாட்சி ஆகாது. சரி சரி என்று தலையாட்டியவள் அப்பா வீட்டு மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவி ஏறினாள். அண்ணனுக்குப் பிசுபிசுப்பு. அக்காவுக்கும் அதே. அம்மாவுக்கும், எண்ணெய் இல்லாமலே, அதேதான். பாக்கி அப்பா.

அப்பா பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பத்து வார்த்தை பேச வேண்டிய இடத்தில் ஒன்று பேசுவார். சோபாவில் சாய்ந்து மகளின் மடியில் தலை வைத்துப் படுத்தார். அவள் குச்சியை மெல்லத் திருப்பினாள். பஞ்சில் எதுவும் ஒட்டவில்லை. மடியில் விரித்திருந்த கறுப்புத் துணியில் வெளிறிய செதில்கள் பொலபொலவென்று உதிர்ந்தன.

அப்பாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டே கடைக்குட்டி குதிக்கப் பார்த்தாள். அப்பாவுக்கு உலர்ந்தது, அம்மாவிடம் ஒன்று ஒளிந்திருந்தது, இரண்டும் சேர்ந்து தனக்கு வந்தது என்று மூச்சுவிடாமல் கத்தினாள். ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை; ஆனாலும் எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு சிரிப்பாகத் தவிட்டுக் கதையையும், இத்தனை வருடப் பயத்தையும் கொட்டிவிட்டாள். சிரிப்பு நின்றுபோனது. அண்ணனுக்கு முகம் சுண்டிவிட்டது. அம்மா கையை ஓங்கி அவன் மண்டையில் ஒரு குட்டு வைத்தாள்.

படித்தவள் அல்லவா, உள்ளதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இது சாட்சி ஆகாது, சும்மா ஒத்துப்போகிறது, அவ்வளவுதான் என்றும் சொல்லிவிட்டாள்.

அப்பா கண்ணைத் திறக்காமலே கேட்டார். "எனக்கும் பிசுபிசுன்னு வந்திருந்தா?"

"ஒண்ணும் ஆகியிருக்காதுப்பா. நான்தான் பயந்திருப்பேன்."

"நீ பயந்தா, இன்னொரு காதையும் காட்டியிருப்பேன்" என்று சொல்லிவிட்டு, அவள் மடியிலேயே மறுபக்கம் புரண்டு படுத்தார்.