அண்ணி ஊதச் சொன்னால்

என் அண்ணி வீட்டில் பேசுவதைக் கேட்க வேண்டுமென்றால் பக்கத்தில் போய்க் காதைக் கொடுக்க வேண்டும். மிக்ஸி ஓடினால் அன்றைய பேச்சு அவ்வளவுதான். "உங்க அண்ணி எவ்வளவு அமைதி, குடுத்து வெச்ச நாத்தனார் நீங்க" என்று பக்கத்து வீட்டுக்காரி சொல்லும்போதெல்லாம் நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு தலையாட்டுவேன். பாவம், அவள் நெஞ்சுநோய் ஆஸ்பத்திரியின் முதல் மாடிக்குப் போனதில்லை.

அங்கே மூச்சின் அளவைச் சோதிக்கும் பதினோராம் எண் அறை அண்ணியுடையது. ஒரு நாற்காலி, ஒரு கம்ப்யூட்டர், அதிலிருந்து நீளும் ஒரு குழாய், இவ்வளவுதான் சொத்து. வருகிறவரை நிமிர்ந்து உட்கார வைப்பார். மூக்கை ஒரு கிளிப்பால் இறுக்குவார். குழாயின் முனையில் புது அட்டைச்சுருள் ஒன்றைச் செருகி வாயில் கவ்வக் கொடுப்பார். அதுவரை சாதுவாக இருப்பவர் அதற்கப்புறம் ஆளே வேறு.

"இழுங்க, இழுங்க, நல்லா இழுங்க... இப்ப ஊதுங்க. ஊதுங்க ஊதுங்க ஊதுங்க, விடாதீங்க, உள்ள இன்னும் இருக்கு, எனக்குத் தெரியும், ஒளிச்சு வெக்காதீங்க, ஊதுங்க."

கீழே வண்டி நிறுத்தும் இடம்வரை கேட்கும். வெளியே பெஞ்சில் காத்திருப்பவர்கள் தங்கள் முறை வருமுன்பே கன்னத்தை உப்பிக்கொண்டு கூடவே ஊத ஆரம்பித்துவிடுவார்கள். ஒருமுறை புதிதாக வந்த மனிதர் உள்ளே பிரசவம் நடக்கிறது என்று நினைத்து மரியாதையாக எழுந்து போய்விட்டார். இன்னொரு பெரியவர் ஊதிய வேகத்தில் அவருடைய பல்செட் குழாய்க்குள் போய் மாட்டிக்கொண்டது. அண்ணி இடுக்கியால் அதை எடுத்துக் கழுவிக் கொடுத்துவிட்டு, "பல்லு வந்துச்சு, மூச்சு முழுசா வரலையே, இன்னொரு தடவை" என்றாராம்.

கத்துவதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. நுரையீரலின் அடியில் இருக்கும் காற்று வெளியே வர ஆறு வினாடி விடாமல் ஊத வேண்டும். மனிதர்களை அவர்கள் பாட்டுக்கு விட்டால் மூன்றாவது வினாடியிலேயே போதும் என்று நிறுத்திவிடுவார்கள். மீதி மூன்று வினாடியை அண்ணி தன் தொண்டையால் பிடித்து இழுத்து வெளியே கொண்டுவருவார். அதனால்தான் வீட்டுக்கு வரும்போது குரலில் மிச்சம் ஒன்றும் இருப்பதில்லை.

இன்னொன்றும் உண்டு. ஒரு தடவை ஊதினால் போதாது, மூன்று தடவை ஊத வேண்டும். மூன்று கோடுகளும் திரையில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்தால்தான் கணக்கு. வேலைக்கு டிமிக்கி கொடுக்க நினைத்த காவல்காரர் ஒருவர் மூச்சே இல்லாதவர் மாதிரி இருமி, முனகி, சொட்டுச் சொட்டாக ஊதிப் பார்த்தார். அண்ணி கோபப்படவே இல்லை. "சரிங்க, இதே மாதிரி இன்னும் ரெண்டு தடவை" என்றார். இரண்டாவது கோடு வடக்கே போனது, மூன்றாவது தெற்கே போனது. நாலாவது தடவை அந்த மனிதரே களைத்துப்போய் உண்மையாக ஊதிவிட்டார். குதிரைக்கு இருக்கும் மூச்சு அவருக்கு இருந்தது.

இப்படிப்பட்டவரை ஏமாற்றலாம் என்று என் அண்ணன் நினைத்தான் பாருங்கள், அவனைச் சொல்ல வேண்டும். அதற்குத் துணைபோன என்னையும் சொல்ல வேண்டும்.

அண்ணன் ஒரு ரொட்டித் தொழிற்சாலையில் மாவு மாஸ்டர். இருபத்தாறு வருஷமாக மாவில் கைவைத்தவன். இயந்திரம் பிசைந்த மாவை விரலால் ஒரு அழுத்து அழுத்தி, இன்னும் இரண்டு நிமிஷம் என்று அவன் சொன்னால் மேனேஜரே காத்திருப்பார். ஆனால் நாலு மாதமாக அவனுக்கு இருமல். மூட்டையைப் பிரித்துக் கொட்டும்போது எழும் வெள்ளைப் புகை உள்ளே போனாலே நெஞ்சு விசிலடிக்கும். இரண்டு படி ஏறினால் செருப்பைச் சரிசெய்வது போல் குனிந்து நிற்பான். அவன் செருப்பில் இறுக்கிக் கட்டும் வாரே கிடையாது.

அந்த வருஷம் தொழிற்சாலை தன் ஆட்களின் மூச்சைச் சோதிக்க அண்ணியின் ஆஸ்பத்திரிக்கே அனுப்பியது. மருந்தில்லாமல் ஊதும்போது நூற்றுக்கு எழுபத்தைந்துக்குக் குறைந்தால் மாவுப் பக்கம் வரக்கூடாது, அட்டைப்பெட்டி மடிக்கும் இடத்துக்குப் போக வேண்டும் என்பது விதி. பட்டியல் ஒட்டிய அன்று அண்ணன் நான் வேலை செய்யும் மருந்துக் கடைக்கு வந்தான்.

"அந்த நீல பஃப் ஒண்ணு குடேன், மூச்சு வாங்கும்போது வாயில அடிச்சுப்பாங்களே."

"டாக்டர் சீட்டு எங்க?"

"கூடப் பொறந்தவன்கிட்ட சீட்டு கேக்கற. நான் போய் பொட்டி மடிச்சா உனக்கு சந்தோஷமா?"

அண்ணனை நான் நீ என்பேன், அண்ணியை நீங்க என்பேன். எனக்கு யாரிடம் பயம், யாரிடம் பாசம் என்பது இதிலேயே தெரியும். கொடுத்துவிட்டேன். வேலியே பயிரை மேய்ந்த கதைதான். இதில் கொஞ்சம் நாத்தனார் புத்தியும் இருந்தது. ஊரையே ஊத வைக்கிறவரை ஒரு தடவையாவது ஜெயித்துப் பார்க்கலாமே என்று ஒரு ஆசை.

செவ்வாய்க்கிழமை சோதனைக்குத் துணையாக நானும் போனேன். லிஃப்ட் வாசலில் திரும்பி நின்று அண்ணன் ஆறு தடவை பஃப் அடித்துக்கொண்டான். பதினோராம் அறையில் அண்ணி அவனை யாரோ போல் பார்த்து, "அடுத்தவர் உக்காருங்க" என்றார். பிறகு அந்தக் குரலை எடுத்தார். இருபத்திரண்டு வருஷக் கல்யாணத்தில் அண்ணன் அதைக் கேட்டது அதுதான் முதல் தடவை. அவன் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு வந்தது.

எழுபத்தெட்டு வந்தது. மூன்று தடவையும் எழுபத்தெட்டு. அண்ணன் கதவு இடுக்கு வழியாக என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். ஆனால் சோதனையில் இன்னொரு பாதி இருக்கிறது. பஃப் மருந்தை அங்கேயே கொடுத்து, கால்மணி நேரம் உட்கார வைத்து, மறுபடி ஊதச் சொல்வார்கள். சுருங்கின மூச்சுக்குழாய் மருந்தில் விரிந்தால் எண் ஏறும். அண்ணனுக்கு மறுபடியும் அதே எழுபத்தெட்டு.

அண்ணி திரையைப் பார்த்தார். அவனைப் பார்த்தார்.

"கையை நீட்டுங்க."

நீட்டினான். பத்து விரலும் நடுங்கின. அந்த மருந்து அளவுக்கு மீறினால் அப்படித்தான் செய்யும், எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அண்ணி நாடியைப் பிடித்துப் பார்த்தார்.

"ஏன் இப்படித் துடிக்குது?"

"மாடி ஏறி வந்தேன்ல."

"லிஃப்ட்ல வந்தீங்க. பாத்தேன்." பேனாவை எடுத்தார். "நாலு மாசமா இருமறவருக்கு மருந்து குடுத்தும் ஒரு புள்ளி ஏறலைன்னா, ஏற வேண்டியது வாசல்லயே ஏறிடுச்சுன்னு அர்த்தம். செல்லாது. வெள்ளிக்கிழமை வெறும் நெஞ்சோட வாங்க."

பஃப்பைக் கொடுத்தது யாரென்று அண்ணன் சொல்லவில்லை, அந்த மட்டுக்கு நல்லவன். அண்ணி என்னிடம் வந்தார். மறுநாள் காலையில் அதே வீட்டில் நான் குடியிருக்கும் மாடிக்கு வந்து, "பஃப் நீ குடுத்ததா?" என்று மெதுவாகக் கேட்டார். எந்த பஃப் அண்ணி என்றேன். மதியம் கடைக்குப் போன் செய்து அதையே கேட்டார். எங்க கடையில நீலம் இருப்பே இல்லை அண்ணி என்றேன். சாயங்காலம் கடைக்கே வந்து நின்று கேட்டார். நான் அன்னிக்கு லீவு அண்ணி என்றேன். பின்னாலிருந்த அலமாரியில் பதினாலு நீல டப்பா வரிசையாக நின்றுகொண்டிருந்தது.

"மூணும் ஒட்டலையே" என்றார் அண்ணி.

திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி நான் நின்றேன். திட்டுவார் என்று பார்த்தேன், திட்டவில்லை. கண்ணாடிப் பலகைமேல் குனிந்து அந்த வீட்டுக் குரலில் சொன்னார்: "நீ குடுத்தது அவருக்கு நாலு மணி நேரம் நல்லா இருக்கும். அந்தத் தெம்புல மறுபடி மாவுக்குள்ள போய் நிப்பாரு. இப்படியே நின்னாருன்னா ஒருநாள் எந்த பஃப்பும் கேக்காது. அந்த மாதிரி ஆளுங்களை நான் ஸ்ட்ரெச்சர்ல பாத்திருக்கேன்."

எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பயம் அதிகமாக இருந்தது. என் அண்ணன் செத்துப்போகலாம் என்பது அந்த நிமிஷம்வரை எனக்குத் தோன்றவே இல்லை.

வெள்ளிக்கிழமை அண்ணன் மருந்தில்லாமல் வந்தான். வழியில் மூன்று இடத்தில் நின்றான். ஆனாலும் ஆள் உற்சாகமாகத்தான் இருந்தான். "எட்டு தடவைக்கு மேல ஊத வெக்க மாட்டாங்களாம். அதுக்குள்ள சரியா வரலைன்னா கம்பெனியில போன வருஷ ரிப்போர்ட்டையே எடுத்துப்பாங்க, விசாரிச்சுட்டேன்" என்று என் காதில் சொன்னான். அதாவது நன்றாக ஊதவும் வேண்டாம், மோசமாக ஊதவும் வேண்டாம், ஊதாமல் இருந்தால் போதும். அண்ணியிடம் சொன்னால் அண்ணனுக்குத் துரோகம், சொல்லாவிட்டால் கொலை என்று எனக்குள் அடித்துக்கொண்டது.

சொந்தப் புருஷனை மனைவியே சோதிக்க வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டதால் அன்று ஈசிஜி அறைக்காரர் வந்து உட்கார்ந்திருந்தார். முப்பது வருஷமாக ஆட்களைப் படுக்க வைத்து, பேசாதீங்க, அசையாதீங்க என்று மட்டுமே சொல்லிப் பழகியவர். "சார், ஊதினீங்கன்னா நல்லா இருக்கும் சார்" என்றார். அண்ணன் இரண்டு வினாடி ஊதிவிட்டு இருமினான். "பரவால்ல சார், மெதுவா சார்." இன்னொரு இரண்டு வினாடி. ஐந்து தடவை இப்படியே போயிற்று. ஐந்தும் பாதியில் அறுந்த கோடுகள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களே பொறுமை இழந்து, "அந்த அம்மாவை வரச் சொல்லுங்கய்யா" என்றார்கள். மிச்சம் இருந்தது மூன்று. மூன்றும் சரியாக வந்தால்தான் உண்டு.

நான் எழுந்து அண்ணியிடம் போனேன். தாழ்வாரக் கோடியில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். "அண்ணி, வேணும்னே நிறுத்தறான். எட்டும் வீணாப்போனா பழைய ரிப்போர்ட்டை வெச்சு மறுபடி மாவுக்கே போயிடுவான்" என்று போட்டு உடைத்தேன்.

டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அண்ணி உள்ளே போனார். வெளியே எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஒருவர் காதைப் பொத்திக்கொண்டார். சத்தம் வரவில்லை. நான் கதவு இடுக்கருகே போய்க் காதைக் கொடுத்தேன்.

"என்னங்க. வர்றவங்க போறவங்க எல்லார்கிட்டயும் கத்திக் கத்தி மூச்சை வாங்கியிருக்கேன். உங்ககிட்ட இதுவரைக்கும் எதுவும் கேட்டதில்ல. தினமும் ராத்திரி நீங்க தூங்கறீங்க, நான் பக்கத்துல முழிச்சுக் கிடக்கேன். ஒரு மூச்சு முடிஞ்சா அடுத்தது வருமான்னு பாத்துக்கிட்டு. எனக்கு பயமா இருக்குங்க. இருக்கறதை எங்கிட்ட காட்டுங்க."

அண்ணன் குழாயைத் தானே எடுத்து வாயில் வைத்தான். இழுத்தான். ஊதினான். முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, கண்ணில் நீர் வழிய ஆறு வினாடி ஊதினான். கொஞ்சம் இளைப்பாறிவிட்டு மறுபடி ஊதினான். மறுபடியும். அண்ணி அவன் முழங்கால்மேல் கைவைத்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று குழந்தையைத் தூங்கவைப்பது போல் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஐம்பத்து நாலு.

மருந்தைக் கொடுத்தார்கள். அந்தக் கால்மணி நேரம் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஈசிஜி அறைக்காரர் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் சுவரில் மாட்டியிருந்த நுரையீரல் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மறுபடி ஊதினான். எழுபத்தேழு.

இருபத்து மூன்று ஏறியிருந்தது. அப்படியென்றால் போன மூச்சு திரும்பி வரும். மாவை விட்டுவிட்டு, தினமும் மருந்து இழுத்தால் இந்த மனிதன் எண்பது வயதுவரை குறட்டை விடலாம். கடைக்காரி எனக்கே இது புரிந்தது, அண்ணிக்குப் புரியாதா. எண்ணைச் சொல்ல வாயைத் திறந்தார், குரல் வரவில்லை. இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

ஈசிஜி அறைக்காரர் பேனாவோடு காத்திருந்தார். "மேடம், எவ்வளவுன்னு..."

"நான் சொல்றேன், எழுதிக்குங்க" என்றான் அண்ணன். "முன்னாடி ஐம்பத்தி நாலு. பின்னாடி எழுபத்தேழு."

அவர் எழுதினார். படிவத்தைத் திருப்பிப் பார்த்தார். "சார், எந்த வேலைக்குத் தகுதின்னு ஒரு கட்டம் இருக்கு. அது டாக்டர் போடணும்."

"டாக்டர் பேனாவுல போடட்டும், நீங்க பென்சில்ல போடுங்க." அண்ணன் தன் பத்து விரலையும் ஒருமுறை பார்த்தான். நகக்கண்ணில் நேற்றைய மாவு இன்னும் வெள்ளையாக ஒட்டியிருந்தது. "மாவு இல்லாத இடம், எதுவா இருந்தாலும் சரின்னு போடுங்க."