புதுச்சேரி பாசஞ்சரில் என் மடிக்கு வந்த குழந்தை

விழுப்புரம் - புதுச்சேரி ரயில் பாதையை அகலமாக்கி, வண்டிகள் மறுபடி ஓடத் தொடங்கியிருந்த சமயம். 2006 ஜனவரி. பிரெஞ்சுக்காரர் ஊருக்கு ஆங்கிலேயர் ரயில் விட்ட கதை எனக்கு ரொம்ப நாளாகப் பிடிக்கும். துறைமுகச் சரக்கை நம்பிப் போட்ட பாதை கடலுக்குப் பக்கத்தில் வந்து முடிகிறது. அதற்கு மேல் போக வழியில்லை. அந்தக் கடைசி நிலையத்தைப் பார்க்கத்தான் சேலத்திலிருந்து தனியாகக் கிளம்பினேன்.

விழுப்புரத்தில் காலை பாசஞ்சர். முப்பத்தெட்டு கிலோமீட்டர், டிக்கெட் எட்டு ரூபாய். எதிரில் பிரெஞ்சு ராணுவப் பென்ஷன்காரர் ஒருவர். புதுச்சேரியில் இவர்களைச் 'சொல்தா' என்பார்கள். பிரெஞ்சு ஆட்சியில் எல்லை வந்ததும் 'துவான்', அதாவது சுங்கக்காரர்கள், மூட்டைகளைப் பிரித்துப் பார்த்ததைச் சொல்லிக்கொண்டு வந்தார். அவருக்குப் பக்கத்தில் கீரைக்கூடையோடு ஓர் அம்மா. என் பக்கத்தில் கைக்குழந்தையோடு ஓர் இளம்பெண்.

வளவனூர் தாண்டியதும் குழந்தை அழுதது. சின்னபாபுசமுத்திரத்தில் வண்டி நின்றதும் அவள் காலி பாட்டிலை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"அக்கா, கொஞ்சம் வெச்சிருங்க. தண்ணி புடிச்சிகினு வந்துடறேன்."

வண்டி நகர்ந்துவிட்டது. அவள் வரவில்லை.

சங்கிலியை இழுக்க எழுந்தேன். "பின்னாடிப் பொட்டியில ஏறியிருப்பா. வில்லியனூர்ல வந்துடுவா" என்றார் சொல்தா. பாசஞ்சரில் பெட்டிக்குப் பெட்டி வழி கிடையாது. சரிதான் என்று உட்கார்ந்தேன். ஜன்னலில் எட்டிப் பார்த்தால் வயல்தான் தெரிந்தது.

கீரைக்கார அம்மா குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தார். "வேணும்னே உட்டுட்டுப் போறவளுங்களும் இருக்காளுங்க" என்றார்.

வில்லியனூரில் சொல்தா வாசலில் நின்று குரல் கொடுத்தார். யாரும் ஓடி வரவில்லை. நான் இறங்கப் போனேன். "இங்க எறங்கி என்னாம்மா பண்ணுவ? பாண்டிதான் கடைசி. எந்த வண்டியில வந்தாலும் அங்கதான வந்தாவணும்" என்றார். யோசிப்பதற்குள் வண்டி கிளம்பியது. அழுது அழுது குழந்தை ஓய்ந்துபோனது. அழுதபோதுகூட இவ்வளவு பயம் இல்லை.

புதுச்சேரியில் நேராக ஸ்டேஷன் மாஸ்டர் அறைக்குப் போனோம்.

"கொழந்த பேரு என்னம்மா?"

"தெரியாது சார்."

"அம்மா பேரு?"

"தெரியாது."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஒரு ரயில்வே போலீஸ்காரர் வந்து என் பக்கத்தில் நின்றுகொண்டார். சொல்தா நடந்ததைச் சொன்னார். சந்தைக்கு நேரமாகியிருந்தும் கீரைக்கார அம்மா கூடையை இறக்கி வைத்தார். "நானும் பாத்தேன் சார். அந்தப் பொண்ணுதான் இவங்க கையில குடுத்துது."

ஸ்டேஷன் மாஸ்டர் சின்னபாபுசமுத்திரத்துக்குப் போன் போட்டார். ஒரு பெண் வண்டி பின்னாலேயே ஓடியிருக்கிறாள். பிறகு அழுதுகொண்டே ரோட்டுப் பக்கம் போயிருக்கிறாள். இப்போது அங்கே இல்லை. விட்டுவிட்டுப் போகவில்லை என்று தெரிந்ததும் மூச்சு வந்தது. உடனே அடுத்த பயம்: அந்த நிலையில் அவள் எங்கே போயிருப்பாள்?

நெடுநேரம் கழித்து வாசலில் ஒரு டிவிஎஸ் ஃபிஃப்டி வந்து நின்றது. ஓட்டி வந்தவர் வழியில் உதவிய யாரோ. அவள் ஒரு காலில் மட்டும் செருப்போடு ஓடி வந்து குழந்தையைப் பிடுங்கிக்கொண்டாள். கொஞ்சம் கழித்துத்தான் என்னைப் பார்த்தாள்.

"வில்லியனூர்ல எறங்கியிருப்பீங்கன்னு அங்கயே தேடினேன்க்கா. ஒவ்வொருத்தர் மடியா பாத்தேன்."

"மொதல்ல புள்ளைக்குப் பால குடும்மா" என்ற கீரைக்கார அம்மா, முந்தானையை விரித்துப் பிடித்து, போலீஸ்காரருக்கு முதுகைக் காட்டி அவளை மறைத்து நின்றார்.

பார்க்க வந்த நிலையத்தை அன்று நான் சரியாகப் பார்க்கவே இல்லை. தண்டவாளம் முடியும் இடத்தில் கொஞ்ச நேரம் நின்றேன், அவ்வளவுதான். நீங்கள் போனால் காலை வண்டியில் போங்கள்; ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகும். நிலையத்திலிருந்து கடற்கரைக்கு நடந்தே போகலாம். தண்ணீரை விழுப்புரத்திலேயே பிடித்துக்கொள்ளுங்கள். நடுவில் வண்டி ஒரு நிமிடம்கூட நிற்பதில்லை. யாராவது இப்படிக் குழந்தையைக் கொடுத்துவிட்டு வண்டியைத் தவறவிட்டால், யார் என்ன சொன்னாலும் அடுத்த நிலையத்தில் இறங்கிக் காத்திருங்கள். பெற்றவள் முதலில் அங்கேதான் ஓடி வருவாள்.