பாஸ்தாவுக்குப் பிறகு சோறு

என் அம்மா சூப்பர்வைசர் ஆகாமல் போனதற்கு என் அப்பாவும் சித்தப்பாவும்தான் காரணம். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது. இரண்டு பேரும் நன்றாகத்தான் இருக்கிறார்கள். இதைப் படிக்கவும் போகிறார்கள். படிக்கட்டும்.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. கொரட்டூரில் ஏரிப் பக்கம் ஒரு வீட்டின் கீழ்ப் போர்ஷனில் குடியிருந்தோம். ஒரு ஹால், ஓர் அறை, இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் நுழைய முடியாத சமையலறை. அப்பாவுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் வேலை. அம்மா அதே எஸ்டேட்டில் துணி ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் டெய்லர். டெய்லர் என்றால் முழுச் சட்டை தைப்பவள் என்று நினைக்காதீர்கள். அம்மா காலர் மட்டும் வைப்பாள். காலையிலிருந்து மாலை வரை காலர். குனிந்த தலை நிமிராமல் வருடக்கணக்கில் காலர் வைத்ததில் அவளுக்குக் கழுத்தும் தோளும் அப்போதே போயிருந்தன. ராத்திரி நான்தான் தைலம் தேய்த்துவிடுவேன்.

ஐப்பசி வந்தால் அந்தக் கம்பெனிக்குப் பேய் பிடித்துவிடும். வெளிநாட்டுக்காரர்கள் கிறிஸ்துமஸுக்குப் போட வேண்டிய சட்டைகள் கப்பல் ஏற வேண்டும். தினமும் ஓவர்டைம். வெளியே மழை, உள்ளே மெஷின் சத்தம். வீட்டுக்கு வந்தால் கல்லறைத் திருநாள், அதற்கு முன்னால் பக்கத்து வீடுகளின் தீபாவளி, என் பரீட்சை, காயாத துணி, எல்லாம் வரிசையாக நிற்கும்.

அந்த வருடம் அம்மாவின் லைனில் சூப்பர்வைசராக இருந்தவர் வேலையை விட்டுப் போவதாக இருந்தது. இன்சார்ஜ் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, ஷிப்மென்ட் முடிகிற வரைக்கும் ஒரு நாள்கூடச் சீக்கிரம் போகாமல் ஓவர்டைம் பார்த்தால் அவள் பெயரைத்தான் எழுதிக் கொடுப்பேன் என்று சொல்லியிருக்கிறார். சூப்பர்வைசர் ஆனால் குனிந்து தைக்க வேண்டாம். லைனில் நடந்து போய் வேலையைப் பார்த்தால் போதும். அம்மா வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது முதலில் சொன்னது சம்பளத்தைப் பற்றி இல்லை. "கழுத்து பொழைச்சிக்கும்" என்றாள்.

சரி, ராத்திரிச் சமையல் யார் செய்வது?

அந்த நேரத்தில்தான் சித்தப்பா இத்தாலியிலிருந்து வந்து இறங்கினார். எங்கள் பங்குச் சாமியார்தான் அவரை அங்கே ஒரு குருமடத்துச் சமையலறைக்கு அனுப்பி வைத்திருந்தார். பேப்பர் வேலை ஏதோ முடிகிற வரை, புது வருடம் வரைக்கும், எங்கள் வீட்டில்தான் தங்குவதாக ஏற்பாடு. கல்யாணம் ஆகாதவர். பெட்டியில் துணியைவிட அதிகமாக எண்ணெய் பாட்டில்களும் காய்ந்த இலை டப்பாக்களும் இருந்தன. அவரே முன்வந்து சொன்னார்.

"அண்ணி, நீ டூட்டிய பாரு. ராவுக்கு அடுப்பு என்னுது. ஒரு மடத்துக்கே ஆக்கிப் போட்டவன் நானு. நம்ம ஊட்டுக்கு ஆக்க மாட்டனா?"

"நெசமாத்தான் சொல்றியா தம்பி?"

"இன்னா அண்ணி, பேப்பர்ல எழுதிக் குடுக்கணுமா?"

எழுதி வாங்கியிருக்க வேண்டும்.

முதல் நாள் ராத்திரி இன்னும் ஞாபகம் இருக்கிறது. தக்காளியைச் சுடுதண்ணீரில் போட்டு, தோல் உரித்து, பூண்டை நசுக்கிப் போட்டு, ரொம்ப நேரம் கிளறிக்கொண்டே இருந்தார். ஸ்டேஷன் வாசல் பூக்காரியிடம் போய், மாலையில் வைத்துக் கட்டுகிற திருநீற்றுப் பச்சிலையை வாங்கி வந்து கிள்ளிப் போட்டார். இத்தாலியிலும் இதேதான் என்றார். வேகவைத்த பாஸ்தாவை அதில் கொட்டிப் புரட்டினார். சாவு வீட்டு மாலை வாசனையும் தக்காளி வாசனையும் கலந்து வந்தன. சாப்பிட்டோம். நன்றாக இருந்தது. அதை மறைத்தால் நானும் பொய் சொன்னவளாகிவிடுவேன். நன்றாகத்தான் சமைத்தார். அப்பா தட்டை விரலால் வழித்தார். வழித்து முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"சரி, சோறு எங்கடா?"

"இதான் அண்ணாத்தே சாப்பாடு."

"அடப்பாவி, இது டிபன்டா. வயித்துல ஒரு ஓரமா கீது."

எங்கள் வீட்டில் சோறு தட்டில் விழாத வரை அது சாப்பாடு இல்லை. நூடுல்ஸ், சேமியா, மாவில் செய்து நீளமாக இருக்கிற எல்லாமே டிபன். டிபன் சாப்பிட்டவன் சாப்பிடாதவன். இந்தச் சட்டத்தை யார் போட்டார்கள் என்று தெரியாது. அப்பா அதைக் கடவுள் கட்டளைகளுக்கு அடுத்தபடியாக வைத்திருந்தார்.

அந்த நேரம் பார்த்து அம்மா குடையை வாசலில் மடக்கி வைத்துவிட்டு உள்ளே வந்தாள். அப்பா சமையலறைப் பக்கம் பார்த்தார், அவ்வளவுதான். அம்மா கைப்பையைக் கழற்றி மாட்டிவிட்டு அரிசி களைந்தாள். ரசம் வைத்தாள். அப்பா இரண்டாம் முறை சாப்பிட்டார். சித்தப்பாவும் தட்டை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"அங்க கூட ரசம் சோறு இல்லன்னா எனக்கு தூக்கம் வராது அண்ணி."

அம்மாவுக்கு எடுத்து வைத்திருந்த பாஸ்தா ஆறி, தட்டோடு ஒட்டிப்போய்விட்டது. ரசத்தை ஊற்றிக்கொண்டு சாப்பிட்டுவிட்டுப் படுத்தாள்.

அன்றிலிருந்து தினமும் இதுதான் நடந்தது. சித்தப்பா சமைப்பார். நாங்கள் பாராட்டுவோம். அம்மா வருவாள். சோறு வடிப்பாள். சித்தப்பா வீட்டில் இருந்த எல்லாப் பாத்திரங்களையும் எடுத்துவிடுவார், அதையும் அவளே கழுவுவாள். தெருவில் எல்லோரும் அம்மாவிடம், கொழுந்தன் சமைத்துப் போடுகிறாராமே, கொடுத்து வைத்தவள் என்றார்கள். அம்மா ஆமாம் என்று தலையாட்டினாள். தலையாட்டும்போது கழுத்தைப் பிடித்துக்கொள்வாள்.

ஒரு நாள் கடை பாஸ்தா சரியில்லை, கையால் செய்தால்தான் ருசி என்று முடிவு செய்தார் சித்தப்பா. மைதாவில் முட்டையை உடைத்து ஊற்றிப் பிசைந்து, சப்பாத்தி மாதிரி தேய்த்து, கத்தியால் நீளநீளமாக அறுத்தார். காயப்போட இடம் வேண்டும். ஹாலில் குறுக்கே கட்டியிருந்த கயிற்றில் அம்மாவின் கம்பெனி கோட்டும் என் யூனிஃபார்மும் காய்ந்துகொண்டிருந்தன. அவற்றை எடுத்து நாற்காலியில் குவித்துவிட்டுக் கயிறு முழுக்க மாவு நாடாக்களைத் தொங்கவிட்டார். ஐப்பசி மழையில் மனிதனே காய்வதில்லை, மாவு எங்கே காயும்? சாயங்காலத்துக்குள் ஒன்றோடு ஒன்று ஒட்டி, பாதி அறுந்து தரையில் விழுந்தது. பூரான் மாதிரி கிடக்கிறது என்று அப்பா வயிறு குலுங்கச் சிரித்தார். நானும் சிரித்தேன். அடுத்த நாள் காலை அம்மா ஈரக் கோட்டைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள்.

ஆனாலும் ஒரு நாள்கூட ஓவர்டைமை விடவில்லை. சோறுதானே, வந்து வடித்துக்கொள்ளலாம், வேலை கெடாமல் இருந்தால் சரி என்று நினைத்திருப்பாள். கல்லறைத் திருநாள் அன்று கல்லறைக்குக்கூட விடிவதற்கு முன்னாலேயே போய் மெழுகுவர்த்தி வைத்துவிட்டு வேலைக்கு ஓடினாள்.

ஷிப்மென்ட்டின் கடைசி வாரம். சித்தப்பா, தன்னை இத்தாலிக்கு அனுப்பிய பங்குச் சாமியாரை விருந்துக்குக் கூப்பிட்டார். பெரிய ஐட்டம் செய்யப் போவதாகச் சொன்னார். தோசை அகலத்துக்கு மாவுத் தகடுகள், நடுநடுவே கொத்துக்கறி, வெள்ளை சாஸ், மேலே சீஸ். ஓவன் இல்லாத வீட்டில் அதை எப்படி வேகவைப்பது? எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் கேக் சுடுகிற பெரிய அலுமினிய அண்டா இருந்தது. அதில் மணலைக் கொட்டி, அடுப்பில் ஏற்றி, நடுவில் தட்டை வைத்து மூடினார். ஒரு பர்னரில் மணல் அண்டா. இன்னொரு பர்னரில் சூப்.

அப்பா அன்று பட்டறையிலிருந்து சீக்கிரமே வந்துவிட்டார். சமையலறையைப் பார்த்தார். முகம் மாறியது.

"ஃபாதருக்கு வெறும் டிபன் போட்டு அனுப்பறதா?"

அப்புறம் இரண்டு பேரும் சமையலறை வாசலில் தலையைக் குனிந்து ஏதோ பேசிக்கொண்டார்கள். நான் டியூஷனிலிருந்து வந்து ஷூவைக்கூடக் கழற்றவில்லை. அப்பா என்னை மொபெட்டின் முன்னால் நிற்கவைத்துக்கொண்டு கிளம்பினார். எங்கே என்று கேட்டேன். அம்மாவைக் கூட்டி வரலாம் என்றார். எனக்கு ஒரே குஷி. அந்த மாதம் முழுக்க சாயங்கால வெளிச்சத்தில் நான் அம்மாவைப் பார்த்ததே இல்லை.

கம்பெனி கேட்டில் வாட்ச்மேன் விடவில்லை. அவசரம் என்றார் அப்பா. என்ன அவசரம் என்று கேட்டதற்கு, வீட்டில் அவசரம் என்றார். வாட்ச்மேன் உள்ளே போன் போட்டார். கொஞ்ச நேரத்தில் அம்மா ஓடி வந்தாள். செருப்பை மாற்றிப் போட்டிருந்தாள். தலையெல்லாம் நூல் பிசிறு. நேராக என்னிடம் வந்து நெற்றியைத் தொட்டாள், கையைப் பிடித்துப் பார்த்தாள், காலைப் பார்த்தாள்.

"இன்னா ஆச்சு புள்ளைக்கு?"

"புள்ளைக்கு ஒண்ணுமில்ல. ஃபாதர் வராரு. சோறு வடிக்கணும். அடுப்பு ரெண்டும் அவன் புட்ச்சிகினான்."

அம்மா அப்பாவைப் பார்த்தாள்.

"இதுக்கா?"

அவள் கையில் கேட் பாஸ் இருந்தது. அந்தக் கம்பெனியில் கேட் பாஸ் எழுதிவிட்டால் அன்றைக்கு மறுபடி உள்ளே போக முடியாது. மெஷினில் வேறு ஆளை உட்காரவைத்துவிடுவார்கள். அம்மா திரும்பி ஒருமுறை கட்டடத்தைப் பார்த்துவிட்டு, வண்டியில் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். நான் வழி முழுக்க, சித்தப்பா கேக் அண்டாவில் என்னென்ன அடுக்கியிருக்கிறார் என்று கத்திக் கத்திச் சொல்லிக்கொண்டு வந்தேன்.

வீட்டில் சாமியார் வந்து உட்கார்ந்திருந்தார். அண்டாவை இறக்கியாகிவிட்டது. ஒரு பர்னர் காலி. அப்பா அரிசி டப்பாவை எடுத்து மேடையில் வைத்தார். அம்மா காலைக் கழுவிக்கொண்டு வந்தாள். சமையலறைக்குப் போகவில்லை. சாமியாருக்கு ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு, அவருக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"தம்பி, எனக்கும் ஒரு தட்டு வை."

சித்தப்பா அப்பாவைப் பார்த்தார். வைத்தார். ஆவி பறந்தது. அம்மா ஸ்பூன் கேட்கவில்லை, கையால் பிட்டுச் சாப்பிட்டாள். அப்பா அவள் பின்னால் போய் மெதுவாக, "சோறு…" என்றார்.

"நான் துன்னுகினு கீறேன்ல?" என்றாள் அம்மா. சத்தமாக இல்லை. தட்டிலிருந்து கண்ணை எடுக்கவும் இல்லை.

இன்னொரு துண்டு வாங்கிச் சாப்பிட்டாள். சாமியாரும் இன்னொரு துண்டு வாங்கினார். ரோமில் படித்தவர் அவர். அங்கே படித்தபோது இப்படிச் சாப்பிட்டது, அதற்கப்புறம் இப்போதுதான் என்றார். கடைசி வரை சோறு கேட்கவே இல்லை. ஜெபம் சொல்லி, எங்கள் தலையில் கை வைத்து ஆசீர்வதித்துவிட்டுப் போனார். அன்றைக்கு எங்கள் வீட்டில் யாரும் சோறு சாப்பிடவில்லை. யாரும் சாகவும் இல்லை.

ஷிப்மென்ட் போய்ச் சேர்ந்தது. சூப்பர்வைசர் வேலை பக்கத்து லைன்காரிக்குப் போனது. அம்மாவிடம்தான் அவள் காலர் வைக்கக் கற்றுக்கொண்டாள். அம்மா நல்ல வேலைக்காரிதான், ஆனால் வீட்டு ஆள் கேட்டுக்கு வந்து கூப்பிட்டால் போய்விடுகிறவளிடம் லைனைக் கொடுக்க முடியாது என்று இன்சார்ஜ் சொன்னாராம். அம்மா இதை வீட்டில் சொல்வதற்கே பல நாள் ஆனது. சொன்னபோது அப்பா, "உடு, அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்றார். அடுத்த வருடம் யாரும் கேட்கவில்லை. இன்றும் காலர்தான். இப்போது கழுத்தில் பட்டை கட்டிக்கொண்டு வைக்கிறாள்.

எனக்கு அப்போது ஒன்றும் புரியவில்லை. அம்மாவுக்கு அந்த ஐட்டம் அவ்வளவு பிடித்துவிட்டது என்று நினைத்தேன். அம்மாவுக்காக மறுபடியும் செய்து கொடுங்கள் என்று சித்தப்பாவை நச்சரித்தேன். சித்தப்பாவும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிகிறார். எந்த விசேஷத்துக்கு வந்தாலும், அண்ணி ஃபாதருக்கு எதிரிலேயே ரெண்டு துண்டு உள்ள தள்ளுச்சே என்று ஆரம்பிப்பார். எல்லோரும் சிரிப்பார்கள். அந்த ஐப்பசி முழுக்க அவளுக்காக என்று சொல்லிச் சமைத்ததில், அவள் சூடாகச் சாப்பிட்டது அது ஒன்றுதான் என்பது, நானும் வேலைக்குப் போய், களைத்து வீடு திரும்பத் தொடங்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது. அம்மாவிடமே கேட்டேன். "பசிச்சுது, துன்னேன். வுடுடீ" என்றாள்.

நான் விடப் போவதில்லை. கேட்டுக்குப் போகச் சொன்னது தம்பிதான் என்கிறார் அப்பா. அண்ணாத்தே தானாகத்தான் போனார் என்கிறார் சித்தப்பா. தனித்தனியாகக் கேட்டால் ஆளுக்கொரு கதை.

அப்பா அம்மா கல்யாண ஜூபிலி பூசை அடுத்த மாதம் நம் கோவிலில் நடக்கிறது. பூசை முடிந்து ஹாலில் விருந்து. அப்பா, சித்தப்பா, நீங்கள் இரண்டு பேரும் மைக் பிடித்து அம்மாவைப் புகழப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். புகழ வேண்டாம். பங்கு மக்கள், சொந்தக்காரர்கள், அம்மாவோடு லைனில் உட்காருகிற பெண்கள் எல்லோரும் இருப்பார்கள். அவர்கள் எதிரில் ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். ஒரு பர்னரை அணைத்து ஒரு டம்ளர் அரிசியை வைக்க உங்கள் இரண்டு பேருக்கும் கை வரவில்லை. அதற்காக அவளை வேலையிலிருந்து இழுத்து வரலாம் என்று முடிவு செய்தது யார்? பெயரைச் சொல்லுங்கள். அம்மா முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பாள். அவளுக்குக் கேட்கிற மாதிரி சொல்லுங்கள்.