சிவப்பு மையில் நான் போட்ட தப்பு

எண்பதுகளின் கடைசியில் நடந்தது இது. ராஜபாளையத்தில் இருந்து தினமும் பஸ் ஏறி, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பெண்கள் பள்ளிக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். நான் படித்தது விலங்கியல். கணக்குக்கு ஆள் இல்லாததால், நாலு வருஷமாக ஒன்பதாம் வகுப்புக் கணக்கும் என் தலையில்தான். சமாளித்துவிட்டேன் என்று உள்ளூர ஒரு பெருமை.

அந்த வருஷம் 'பி' பிரிவுக்கு ஒரு புது டீச்சர் வந்தாள். கணக்கிலேயே பட்டம் வாங்கியவள். வேலை தற்காலிகம்தான். ஆனால் அவள் வகுப்பில் எப்போதும் சிரிப்புச் சத்தம். "வன்னியம்பட்டில பஸ்ல எம்புட்டுப் பேர் ஏறுனாங்கன்னு தெரியாது. அதான் x. இப்ப எழுதுங்க பாப்போம்" என்பாள். பிள்ளைகள் கதை கேட்கிற மாதிரி சமன்பாடு எழுதுவார்கள். ஒருநாள் என் வகுப்புப் பெண்ணே இன்னொருத்தியிடம், "ஏட்டி, சந்தேகத்த அந்த டீச்சர்ட்ட கேப்போம், அவிய சொன்னா புரியும்" என்றாள். அன்றைக்குச் சாப்பாடு எனக்கு இறங்கவில்லை. அவள் புடவை கட்டுகிற விதம்கூடப் பிடிக்காமல் போனது.

அரையாண்டுத் தேர்வு வந்தது. இரண்டு பிரிவுக்கும் ஒரே கேள்வித்தாள். என் பிள்ளைகள் தாளை அவளும், அவள் பிள்ளைகள் தாளை நானும் திருத்தினோம். அதில் ஒரு அசமன்பாடு: 3x > –12. அவள் வகுப்பில் முக்கால்வாசிப் பேர் x > –4 என்று எழுதியிருந்தார்கள். மைனஸைப் பார்த்தால் குறியைத் திருப்பிப் போட வேண்டும், x < –4 என்று வர வேண்டும். இதுதான் நான் சொல்லிக்கொடுத்தது. ஒவ்வொரு தாளிலும் சிவப்பு மையில் தப்புப் போடப்போட எனக்குள் அப்படி ஒரு சந்தோஷம்.

விடைத்தாள் கட்டைத் தூக்கிக்கொண்டு நேரே தலைமையாசிரியையிடம் போனேன். "வகுப்பு மொத்தத்துக்கும் தப்பாச் சொல்லிக் குடுத்திருக்கு அந்தப் பொண்ணு" என்றேன். அந்த அம்மா தமிழ் படித்தவர். உடனே அவளைக் கூப்பிட்டு அனுப்பினார்.

வந்தவள் தாளைப் பார்த்தாள். என்னைப் பார்த்து மெதுவாக, "டீச்சர், x-க்குப் பூஜ்யம் போட்டுப் பாருங்களேன்" என்றாள்.

போட்டேன். பூஜ்யம் மைனஸ் பன்னிரண்டைவிடப் பெரியதுதான். ஆனால் என் விடைப்படி பூஜ்யம் வரவே கூடாது. மைனஸ் எண்ணால் வகுத்தால்தானே குறி திரும்பும்? இங்கே வகுப்பது வெறும் மூன்றால்.

"யார் சொல்றது சரி?" என்றார் தலைமையாசிரியை.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. "தப்பு என்மேலதாம்மா." அந்த இரண்டு வார்த்தை வெளியே வர எம்புட்டு நேரம் ஆனது!

பிறகு ஆசிரியர் அறையில் அவள் என் வகுப்புத் தாள் கட்டை எடுத்து என் முன்னால் வைத்தாள். மற்ற கேள்விக்கெல்லாம் மதிப்பெண் போட்டிருந்தது. அந்த ஒரு கணக்கில் மட்டும் ஒவ்வொரு தாளிலும் பென்சிலில் ஒரு சின்னப் புள்ளி. என் பிள்ளைகள் எல்லோரும் x < –4 என்றே எழுதியிருந்தார்கள்.

"ரெண்டு நாளா வச்சிருக்கேன் டீச்சர். ஒங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுப் பொறவு போடலாம்னு" என்றாள்.

என்னைக் காட்டிக்கொடுக்க அவளுக்கு இரண்டு நாள் இருந்தது. எனக்கு இரண்டு நிமிஷம்கூடப் பொறுக்கவில்லை. மறுநாள் என் வகுப்பில், "நான் தப்பாச் சொல்லிக் குடுத்துட்டேன்" என்று சொல்லி அந்தப் பாடத்தை முதலில் இருந்து எடுத்தேன். பொறாமை அன்றோடு போய்விட்டது என்று சொன்னால் பொய். ஆனால், அடுத்தவர் தப்பைக் கண்டு மனசு துள்ளினால் அந்த நேரம் எனக்குக் கண் சரியாகத் தெரியாது என்பதை மட்டும் இன்றுவரை நான் மறக்கவில்லை.