செத்த கிருமியின் சட்டை

முயலுக்குக் காய்ச்சல் என்றால் மனுஷிக்கு வைத்தியம் நிற்குமா? நின்றது. போன வாரம், என் கண்ணெதிரே.

என் தங்கை ரோசம்மாவுக்கு விடியற்காலையிலிருந்து வாந்தி, பேதி. மலைமேல் நெல்லிவாசல் பக்கமிருந்து ஜீப் பிடித்து, அடிவாரத்து மிஷன் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது கண்கள் உள்ளே போய்விட்டன. நாக்கு சருகாகக் காய்ந்திருந்தது.

"டிரிப்ஸ் ஏத்தணும். வேலூர் வரைக்கும் தாங்காது" என்றார் டாக்டரம்மா.

அங்கே டிரிப்ஸ் தண்ணீரை அவர்களே காய்ச்சி வடித்து, பாட்டிலில் அடைத்துக்கொள்கிறார்கள். அலமாரியில் வரிசையாக நிற்கிறது. எடுத்து மாட்ட வேண்டியதுதானே?

மாட்டவில்லை.

பின்பக்கம் முயல் வளர்க்கிறார்கள். புதிதாக அடைத்த தண்ணீரை முதலில் முயல்களின் காது நரம்பில் ஏற்றி, காய்ச்சல் வருகிறதா என்று பார்ப்பார்களாம். அன்றைக்கு அவற்றுக்குக் காய்ச்சல் கண்டுவிட்டது. ஏற்கெனவே சோதித்துவைத்த பழைய பாட்டிலும் தீர்ந்துபோயிருந்தது.

ரோசம்மாவின் வீட்டுக்காரர் அந்தோணிக்கு வந்ததே கோபம்! "இன்னாங்க இது? மொசலுக்கு ஜொரம்னா என் பொண்டாட்டி சாவணுமா?"

நான் சும்மா இருப்பேனா? ஊற்றுத் தண்ணீரைக்கூடக் கொதிக்கவைக்காமல் பிள்ளைகளுக்குக் கொடுத்தவள் இல்லை நான். அதில் எனக்குக் கர்வமே உண்டு.

"இன்னொரு தபா நல்லா கொதிக்க வெச்சி ஏத்துங்கம்மா. எந்தக் கிருமியும் செத்துப்பூடும்."

"கிருமி எப்பவோ செத்துப்போச்சிங்க, பெரியம்மா. அதோட சட்டைதான் சாவல."

"சட்டையா?"

டாக்டரம்மா குடிதண்ணீரில் சர்க்கரையும் உப்பும் கலக்கிக்கொண்டே சொன்னார். வடித்த தண்ணீர், கரண்ட் போனதால் ஓர் இரவு அப்படியே நின்றுவிட்டது. அதில் கிருமி பெருகிவிட்டது. காலையில் கொதிக்கவைத்ததில் எல்லாம் செத்தது. ஆனால் சில கிருமிகளுக்கு மேலே ஒரு போர்வை உண்டாம் — கொழுப்பும் சர்க்கரையும் கோத்துச் செய்தது. கொழுப்பு இழைகள் வேர் மாதிரி உள்ளே ஊன்றியிருக்கும். சர்க்கரைச் சங்கிலிகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கொதிநீருக்கெல்லாம் அது அசையாது. ரத்தத்தில் துளி கலந்தால் போதும்... அந்தக் கொழுப்பைக் கண்டதுமே எதிரி வந்துவிட்டான் என்று உடம்பு பற்றி எரியும். குளிர், நடுக்கம், காய்ச்சல்.

"இவங்க இருக்கிற இருப்புல அது வந்தா தாங்க மாட்டாங்க."

கொழுப்பு, சர்க்கரை! என் வீட்டில் பலகாரத்துக்கு வைத்திருக்கிற சாமான்கள்! கண்ணுக்கே தெரியாத ஒன்று அதை வைத்துச் சட்டை தைத்துப் போட்டுக்கொள்கிறது. அது செத்த பிறகும் சட்டை சண்டைக்கு நிற்கிறது. நம் ரத்தமோ அந்தத் தையலைத் தொட்டதுமே அடையாளம் கண்டுபிடிக்கிறது. யார் சொல்லிக்கொடுத்தது அதற்கு? பள்ளிக்கூடமா? ஆண்டவரே... தங்கை சாகக் கிடக்கிறாள், எனக்கு உடம்பெல்லாம் புல்லரிக்கிறது.

புதிதாகத் தண்ணீர் வடித்து, ஆறவிடாமல் கையோடு அடைத்தார்கள். வேறு முயல்களுக்கு ஏற்றினார்கள். அதுவரை சர்க்கரை உப்புத் தண்ணீர்தான். அந்தோணி தலையைத் தாங்கிக்கொள்ள, நான் ஸ்பூனால் ஊட்டினேன். பாதி வெளியே வந்தது. மறுபடி ஊட்டினேன். நடுநடுவே அந்தோணி பின்பக்கம் போய்க் கூண்டை எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

"அதுங்க காது ஆடுதா?" என்று கேட்டேன்.

"ஆடுது. ஆனா வாயத் தொறந்து சொல்ல மாட்டேங்குதே, அண்ணி!"

பொழுது சாயும்போது டாக்டரம்மாவே வந்தார். "மொசலுங்க ஜம்முனு இருக்குதுங்க."

பாட்டில் ஏறியது. சொட்டு... சொட்டு... அந்தோணி ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டார். நான் ரோசம்மாவின் நெற்றியில் கை வைத்தேன். நடுங்குகிறதா? இல்லை. சுடுகிறதா? இல்லை. நம்பலாமா? திரும்பத் தொட்டேன். பாட்டில் பாதி இறங்கியபோது அவள் கண் திறந்தாள்.

"இன்னாக்கா, சும்மா சும்மா நெத்தியத் தொட்டுக்கினே கீற? கைய எடு."

எடுத்தேன். எடுத்து, என் கன்னத்தில் வைத்துக்கொண்டேன்.