கிடார் குழியில் கொட்டிய மாவு

பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருக்கத்தான் செய்தது. ஆனால் தெருவுக்கெல்லாம் அவர் கம்பி. கிடாருக்குக் கம்பி மாற்றுவது தொழில். ஆளும் கம்பி மாதிரிதான் இருப்பார். "கம்பி எண்ண வேண்டியவன், கம்பி மாத்திக்கிட்டு இருக்கான்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அண்ணன் சொல்லிச் சிரிப்பார். கம்பியும் கூடச் சிரிப்பார். அண்ணன் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டு அண்ணன் பேச்சுக்குச் சிரிக்காமல் இருக்க முடியாது.

வீடு அண்ணன் கட்டியது. மாடிக்குப் போகிற படிக்கட்டு முழுக்க மரம். ஆபீஸ் சிநேகிதர் ஒருவர் மூலமாகச் சல்லிசாகக் கிடைத்தது. அதற்குப் பாலிஷ் போட்டு, முகம் பார்க்கிற அளவுக்குத் துடைத்து வைத்திருந்தார். அந்தப் படிக்கட்டின் அடியில், நிமிர்ந்தால் தலை இடிக்கிற முக்கோண இடத்தில்தான் கம்பியின் பட்டறை. ஒரு மேஜை, ஒரு விளக்கு, சுவரில் ஆணியடித்து மாட்டிய கருவிகள். கல்யாணம் காட்சி என்று எதுவும் இல்லாத மனிதருக்கு அது போதுமாக இருந்தது. மேலே யார் ஏறுகிறார்கள், யார் இறங்குகிறார்கள் என்று காலடிச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். அண்ணன் ஏறினால் விளக்கு லேசாக ஆடும்.

அண்ணன் ஓய்வு பெறப் போகிற சமயத்தில், ஹோட்டல் மேடையில் வாசிக்கிற பெண் ஒருத்தி தன் எலெக்ட்ரிக் கிடாரைத் தூக்கிக்கொண்டு கம்பியிடம் வந்தாள்.

"அண்ணே, நீங்க மாட்டின பிக்கப் ஆட்டம் காணுது. மெல்லிசு கம்பி சத்தமே கேக்கல."

கம்பிகளின் அதிர்வைப் பிடித்து ஸ்பீக்கருக்கு அனுப்புகிற காந்தப் பெட்டிதான் பிக்கப். சில வருடங்களுக்கு முன்னால் அவள் ஆசைப்பட்டாள் என்று கம்பி அதை நேராகக் கிடாரின் மரத்திலேயே திருகி வைத்திருந்தார். அதற்கான குழி ரொம்ப ஆழம் என்பதால் அடியில் ஒரு மரத்துண்டை ஒட்டி, அதன் மேல் உட்கார வைத்திருந்தார்.

"மரத்தோட மரமா இருந்தா சத்தம் நல்லா வரும்னு யாரோ சொன்னாங்க, கேட்டுட்டேன். இப்ப ஏத்தவும் முடியல, எறக்கவும் முடியல. பேசாம ரிங் போட்டுடுங்க."

ரிங் என்பது பேருக்குத்தான். அது நீள்சதுரமான பிளாஸ்டிக் சட்டம். நான்கு மூலையையும் கிடாரின் முகத்தில் திருகி இறுக்கிவிட்டால், பிக்கப் அந்தச் சட்டத்திலிருந்து ஸ்பிரிங்கோடு தொங்கும். பக்கத்துத் திருகாணியைத் திருப்பினால் ஏறும், இறங்கும். குழியின் கோணல்மாணலான ஓரமும் மறைந்துவிடும்.

"இதெல்லாம் ஒரு வேலையா? சாயங்காலம் வாங்கம்மா."

கம்பிகளைக் கழற்றினார். பிக்கப்பைத் தூக்கி ஓரமாக வைத்தார். பெயின்ட் பெயர்ந்துவிடாமல் இருக்க முகத்தில் காகித டேப் ஒட்டினார். நூல் பிடித்து நடுவைப் பார்த்து, சட்டத்தை வைத்து, மூலைகளில் பென்சிலால் புள்ளியிட்டார். கை டிரில்லால் துளை போட்டபோது முதல் மூன்று மூலைகளில் மரம் சுருள் சுருளாக வந்தது. கடைசி மூலையில் டிரில் வாழைத்தண்டில் இறங்குவது போல இறங்கியது. வெளியே வந்தது சுருள் அல்ல, மாவு. சலித்தெடுத்த மாவு.

திருகாணிக்குச் சோப்பு தடவி அந்தத் துளையில் வைத்துத் திருகினார். அது சுற்றிக்கொண்டே இருந்தது. பிடிக்கவே இல்லை.

கிடாரைக் கவிழ்த்துத் தட்டினார். குழிக்குள்ளிருந்து இன்னும் கொஞ்சம் மாவு கொட்டியது. அடியில் ஒட்டியிருந்த மரத்துண்டை நெம்பி எடுத்தார். விரலுக்கிடையில் ரஸ்க் போல நொறுங்கியது. அதன் உடம்பெல்லாம் சின்னஞ்சிறு வட்டத் துளைகள். மெல்லிய டிரில்லால் போட்ட மாதிரி அத்தனை சுத்தமாக இருந்தன. கரையான் இல்லை. உளு; மரத்தை உள்ளுக்குள்ளேயே குடைந்து மாவாக்குகிற பூச்சி.

கிடாரில் அது எப்படி வந்தது என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அந்தத் துண்டு எங்கே கிடைத்தது என்பது நினைவுக்கு வந்தது. படிக்கட்டுச் செய்தபோது மிஞ்சிய பலகையில் அறுத்தது அது. மெதுவாகத் தலையைத் தூக்கி மேலே பார்த்தார்.

தினமும் காலையில் மேஜை மேல் தூள் கிடக்கும். நேற்று இழைத்தது என்று நினைத்துத் துடைத்துவிடுவார். அன்று துடைத்துவிட்டு எதையும் தொடாமல் சாப்பிடப் போனார். திரும்பி வந்தபோது மேஜையில் அங்கங்கே சின்னச் சின்னக் குவியல்கள் இருந்தன. அண்ணி துணி உலர்த்த மேலே ஏறிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு காலடிக்கும் ஒரு சிட்டிகை விழுந்தது.

கிடார் பிழைத்துக்கொண்டது. உளுத்த பகுதியைச் சுரண்டி, பசை ஊற்றி, உறுதியான மரத்தில் முளை செதுக்கி அடைத்து, காய்ந்ததும் மறுபடி துளையிட்டு ரிங்கை இறுக்கினார். பிக்கப் சொன்னபடி ஏறி இறங்கியது. வாசித்துப் பார்த்த பெண்ணுக்கு வாயெல்லாம் பல்.

"அப்புறம் ஏண்ணே மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கீங்க?"

"கிடாருக்கு ஒண்ணுமில்லம்மா. பத்திரமா வச்சுக்குங்க."

அண்ணனிடம் அன்றைக்கே சொன்னார்.

"உளுவா? என் படியிலயா?" அண்ணன் நடுப்படியில் ஏறி நின்று குதித்தார். வீடே அதிர்ந்தது. "ஆடுதாடா? அசையுதா? நான் சம்பாதிச்சுக் கட்டினதுல ஒரு நொட்டை சொல்லலேன்னா உனக்குத் தூக்கம் வராதே!"

அதற்கு மேல் பேசிப் பயனில்லை. கம்பி மருந்து வாங்கி வந்து, படிகளைத் தாங்குகிற பக்கப் பலகையின் அடிப்புறத்தில் துளை போட்டு ஊசியால் ஏற்றினார். ஊசி போன இடமெல்லாம் உள்ளே வெறும் கூடு. மேலே பாலிஷ் மட்டும் தோல் போல நின்றுகொண்டிருந்தது. இரண்டு கட்டைகளைக் கொண்டுவந்து முட்டுக் கொடுத்தார்.

அண்ணன் மறுநாளே அவற்றைப் பிடுங்கித் தெருவில் எறிந்தார். ஓய்வு பெறுவதையொட்டி ஆபீஸ்காரர்களுக்கெல்லாம் மாடி ஹாலில் விருந்து வைக்க ஏற்பாடு செய்திருந்தார். "வர்றவன் கேப்பான்டா, வீடு என்ன சாகக் கிடக்குதா, முட்டுக் கொடுத்து நிறுத்தியிருக்கேன்னு!"

அண்ணி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பட்டறைப் பக்கம் வந்து குரலைத் தாழ்த்திக் கேட்டார். "நிஜமாவா தம்பி?"

கம்பி குத்தூசியை எடுத்துப் படியின் அடியில் அழுத்தினார். கைப்பிடி வரைக்கும் போயிற்று. அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "விருந்தைக் கீழ வைக்கச் சொல்லிப் பாக்கறேன்" என்றார். சொல்லியும் பார்த்தார். அன்று அண்ணியும் திட்டு வாங்கினார்.

விருந்தன்று நாற்காலிகள் வந்து வாசலில் இறங்கின. கம்பி போய் முதல் படியில் உட்கார்ந்துகொண்டார். நாற்காலி தூக்கி வந்த ஆட்கள் நின்றுவிட்டார்கள். பின்னாலேயே ஆபீஸ்காரர்கள் ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள்.

"எந்திரிடா."

"மாட்டேண்ணே. எத்தனை பேர் ஏறப் போறாங்க? எல்லாரையும் கீழயே உக்கார வைங்க. உங்க கால்ல விழறேன்."

"மானத்தை வாங்காதேடா! எந்திரிங்கறேன்!"

கம்பி கைப்பிடியைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். அண்ணனுக்கு முகம் கறுத்துவிட்டது. வந்தவர்கள் பார்க்கிறார்கள் என்கிற ஆத்திரத்தில் தம்பியைத் தாண்டி மேலே ஏறினார். ஒவ்வொரு படியையும் ஓங்கி மிதித்தார். "பாரு! நல்லாப் பாரு!" பாதிப் படி ஏறியதும் திரும்பி நின்று, எல்லாருக்கும் தெரிகிற மாதிரி இன்னொரு மிதி மிதித்தார்.

பெரிய சத்தம் ஒன்றும் வரவில்லை. பொத்தென்று ஏதோ அமுங்கியது. பக்கப் பலகை விட்டுப்போய், கம்பி உட்கார்ந்திருந்த முதல் படியைத் தவிர மற்றப் படிகள் ஒன்றன் மேல் ஒன்றாக மடிந்தன. அண்ணன் பட்டறை மேஜை மேல் போய் விழுந்தார். கூடம் முழுக்கத் தூள் புகையாக நின்றது. யாரோ ஒருவர் தும்மிக்கொண்டே இருந்தார்.

இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்த அண்ணன், பேச்சு வந்ததும் சொன்ன முதல் வார்த்தை, "அவன்தான்."

நொறுங்கிய பலகைகளைப் பார்த்தவர்களுக்கும் அப்படித்தான் பட்டது. அடிப்புறம் முழுக்கத் துளைகள். பக்கத்திலேயே டிரில், ஊசி, குத்தூசி. எது பூச்சி போட்டது, எது கம்பி போட்டது என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியவில்லை. சொல்லி வைத்த மாதிரி விழப்போவது அவனுக்கு மட்டும் எப்படித் தெரிந்தது என்று அண்ணன் கேட்டார். ஆபீஸ்காரர்கள் தலையை ஆட்டினார்கள். தெருவில் கொஞ்சம் நல்ல மனது உள்ளவர்கள், "கரிநாக்கு" என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள்.

கம்பி வாதாடவில்லை. சுவரில் மாட்டியிருந்த கருவிகளை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த ஒரு சிமெண்ட் அறைக்குப் போனார். இரும்பு அலமாரி, இரும்பு மேஜை. "உண்மையிலேயே கம்பி நீட்டிட்டான்" என்று அண்ணன் சொன்னதாகக் கேள்விப்பட்டார். இந்தத் தடவை அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

அண்ணி எப்போதாவது காய்கறிப் பையோடு வந்து வாசலிலேயே நிற்பார். "எனக்குத் தெரியும் தம்பி. ஆனா அவர் முன்னாடி நான் எப்படிச் சொல்றது?" அண்ணன் எழுந்து நடக்கிறாரா என்று கம்பி கேட்பார்.

கடைசியாக வந்தபோது அண்ணி பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். உள்ளே மாவு.

"வீட்டுல இவர் படுத்திருக்கிற ரூம்ல, தலைமாட்டு ஜன்னல் சட்டத்துக்குக் கீழ கிடந்தது."

அதுவும் அதே மரம்தான். கம்பி மருந்து டப்பாவை எடுத்துக் கொடுத்தார்.

"அவர் கண்ணசரும்போது தடவுங்க அண்ணி. என் பேரைச் சொல்லிடாதீங்க. பாத்தா அதையும் நான்தான் கொண்டுவந்து போட்டேன்னு சொல்வார்."

அண்ணி டப்பாவைக் காய்கறிக்கு அடியில் மறைத்துக்கொண்டு வேகமாக நடந்தார்.